தொட்டியும் மீனும் ஒரே நாளில் விற்கலாகாது

பட்டணங்களிலும் பெரிய ஊர்களிலும் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து அதில் வண்ண மீன் வளர்க்கும் வழக்கம் பெருகியுள்ளது. சிறுவர்க்கு அது வேடிக்கை. முதியோர்க்கு மன ஆறுதல். மீன் பெருக்கி விற்கும் குடும்பங்களுக்கோ அதுவே ஜீவனம். இவ்வழக்கம் நிலைபெறுவதற்கு இடையூறாக நிற்பது ஒன்று உண்டு. அது யாதெனில், வாங்கிய மீன் சில நாட்களிலேயே மடிந்து போவதாம். அவ்வாறு மடிவனவற்றுள் முன்வரிசையில் நிற்பவை டெட்ரா என்னும் சிறு மீன்கள்.

வழக்கமாக நிகழ்வது இதுவே. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத் தலைவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மீன் கடைக்குச் செல்கிறார். இரண்டடி நீளத் தொட்டி, ஒரு பை கூழாங்கல், காற்று மோட்டார், விளக்கு ஆகியவற்றை வாங்குகிறார். பிள்ளைகள் கைகாட்டியபடி நியான் டெட்ரா இரண்டு, விடோ டெட்ரா இரண்டு, ஏஞ்சல் மீன் ஒன்று, தங்க மீன் இரண்டு, ‘டேங்க் கிளீனர்’ என்று கடையில் சொல்லும் உறிஞ்சு மீன் ஒன்று என அவையும் பைகளில் ஏறுகின்றன. மாலைக்குள் தொட்டியில் குழாய்நீர் நிரம்புகிறது, விளக்கு எரிகிறது, வீடே கூடி நின்று பார்க்கிறது. மூன்றாம் நாள் நீர் வெண்மையாகக் கலங்குகிறது. ஐந்தாம் நாள் நியான் ஒன்று மிதக்கிறது. மற்றொன்றைக் காணவே இல்லை. இரண்டு வாரத்தில் தங்க மீனும் உறிஞ்சு மீனும் மட்டும் எஞ்சுகின்றன. ‘இது நோஞ்சான் ஜாதி மீன்’ என்று தீர்ப்புச் சொல்லப்படுகிறது. சில மாதங்களில் தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது.

இத்தீர்ப்பு நியாயமன்று. குற்றம் மீனுடையதன்று, வாங்கியவருடையதும் முழுவதும் அன்று. தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்பதும், கூட்டமாய் வாழும் மீனை ஒன்றிரண்டாக விற்பதுமாகிய இரண்டு பழக்கங்களே இவ்வளவு சேதத்திற்கும் காரணம். இவ்விரண்டையும் வியாபாரிகள் தாமே கைவிட வேண்டும். வாங்குவோரும் கைவிடும்படி கேட்க வேண்டும். இதனால் மீனுக்கு உயிரும், கடைக்கு நற்பெயரும், மீன் பெருக்குவோர்க்கு நிலையான வரும்படியும் கிட்டும்.

டெட்ராவின் பிறப்பிடம்

டெட்ரா என்பது ஓரினத்தின் பெயரன்று. தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் பல நூறு சிறு மீனினங்களுக்கு வழங்கும் பொதுப் பெயர். அவற்றுள் மிகவும் பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று நியான் டெட்ரா. அமேசான் நதியின் மேற்குப் பகுதியில் வாழும் இம்மீனுக்கு 1936-ஆம் ஆண்டில் அமெரிக்க மீனியல் அறிஞர் ஜார்ஜ் மையர்ஸ் விஞ்ஞானப் பெயர் சூட்டினார். மற்றொன்று கார்டினல் டெட்ரா. ரியோ நெக்ரோ, ஒரினோகோ ஆகிய நதிகளின் கிளைகளில் வாழும் இது 1956-ஆம் ஆண்டில் விஞ்ஞான முறைப்படி விவரிக்கப்பட்டது. நியானுக்குச் சிவப்புப் பட்டை உடலின் பின்பாதியில் மட்டும் அமையும்; கார்டினலுக்கு அது செவுள் முதல் வால் வரை நீண்டிருக்கும். இரண்டும் முழு வளர்ச்சியில் மூன்று அல்லது நான்கு செண்டிமீட்டர் நீளமே உடையவை.

ரியோ நெக்ரோ என்பதற்குக் கரிய ஆறு என்று பொருள். காட்டின் உதிர்ந்த இலைகளும் மரப்பட்டைகளும் ஊறிய அதன் நீர் பாலில்லாத் தேநீரின் நிறமுடையது. அந்நீரில் உப்புகள் மிகக் குறைவு, அமிலத்தன்மை மிகுதி. வெள்ளக் காலத்தில் நதி கரை கடந்து காட்டுக்குள் புகும். அப்போது மரங்களின் அடியில், நிழலில், வேர்களின் இடையில் இம்மீன்கள் பெருங்கூட்டமாகத் திரிகின்றன. பிரேஸில் நாட்டின் பார்செலோஸ் என்னும் ஊரைச் சுற்றி வாழும் செம்படவர்கள் இவற்றைக் கைவலையாலும் பொறியாலும் பிடித்து விற்று நெடுங்காலமாகப் பிழைத்து வருகின்றனர். அவ்வூரில் ஆண்டுதோறும் வண்ண மீன் திருவிழாவும் உண்டு. கார்டினல் கட்சி, டிஸ்கஸ் கட்சி என்று ஊரார் இரு பிரிவாகப் பிரிந்து ஆடிப்பாடிப் போட்டியிடுவர்.

இவ்வரலாற்றை மீன் வளர்ப்போர் அறிந்திருப்பதில் பிரயோஜனம் உண்டு. கூட்டம், நிழல், மென்மையான நீர், மாறாத சூழல் ஆகிய நான்கும் இம்மீன்களின் இயல்போடு பிறந்தவை. இன்று கடைகளில் விற்கும் நியானில் மிகப் பெரும்பகுதி பண்ணைகளில் பிறந்ததாகும். ஆகையால் அது காட்டு மீனைவிட ஓரளவு கடினநீரையும் ஏற்றுக்கொள்ளும். ஆயினும் கூட்டத்தையும் மாறாத சூழலையும் நாடும் குணம் பண்ணையில் பிறந்ததால் மாறிவிடவில்லை.

புதுநீர் கொல்லும் விதம்

புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது என்பதை உழவர்க்கு விளக்குதல் எளிது. பச்சைச் சாணத்தை அப்படியே பயிரின் தூரில் கொட்டினால் பயிர் கருகும். மக்கவைத்து இட்டால் செழிக்கும். இடையில் வேலை செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டளவில் ருஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். வயலில் நடக்கும் அதே காரியம் மீன் தொட்டியிலும் நடந்தாக வேண்டும்.

மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவை இடைவிடாது வெளியேற்றுகிறது. தின்னாது கிடக்கும் தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. இது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. அது பெரும்பாலும் தீங்கற்றது, நீர்ச்செடிக்கு உரமும் ஆகும். இந்நுண்ணுயிர்கள் கூழாங்கல்லின் மேலும் பஞ்சு வடிகட்டியின் உள்ளும் படிந்து பெருகுவதற்குச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதற்கு முன்பு விடப்படும் மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறுகிறது. தெளிந்த நீராயினும் இந்நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் வாங்கியவர் ஏமாறுகிறார்.

கடினமும் காரத்தன்மையும் உள்ள நீரில் இத்தீங்கு பன்மடங்காகும். நீரிலுள்ள அம்மோனியாவில் ஒரு பகுதியே கொடிய நச்சு வடிவில் இருக்கும். நீரின் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால் அப்பகுதி ஏறக்குறைய 9 மடங்காகிறது. உஷ்ணம் ஏறினாலும் அது கூடும். போதாக்குறைக்கு, சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். ஆகவே சென்னை போன்ற ஊரில், ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஊற்றிய புதுத் தொட்டியில், கோடை நாளில் விடப்படும் நியான் பிழைப்பது அரிது. அது பிழைக்காதது நோஞ்சானாய் இருந்தமையால் அன்று.

குழாய்நீரைப் பற்றியும் ஒரு சொல். நகரசபை நீரில் கலந்துள்ள குளோரின் மீனின் செவுளையும் மேற்கூறிய நுண்ணுயிர்களையும் ஒருங்கே அழிக்கும். நீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்து, காற்று மோட்டார் ஓடவிட்டால் குளோரின் நீங்கும். குளோரமின் கலந்த நீராயின் அது போதாது; கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தை அளவறிந்து சேர்த்தல் வேண்டும்.

செய்யத்தக்க முறை யாது?

முதல் நாள் கடையிலிருந்து வரவேண்டியவை தொட்டி, மணல், வடிகட்டி, செடிகள் ஆகியவை மட்டுமே. வாலிஸ்நேரியா போன்ற நீர்ச்செடி கடினநீரிலும் நன்கு வளரும். மீனில்லாத தொட்டியிலும் நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி இட்டுவர வேண்டும். அது அழுகித் தரும் அம்மோனியாவே நுண்ணுயிர்களுக்கு முதல் உணவு. நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஊறிய பஞ்சு ஒன்றைப் பெற்றுப் புது வடிகட்டியுடன் சேர்த்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். தயிருக்கு உறை ஊற்றுவதைப் போன்றதே இது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் தோன்றி, ஏறி, பின்னர் இரண்டும் இல்லையென்று சோதனைத் துளிகள் காட்டும் நாளே மீன் வாங்கும் நாள்.

அன்றும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரலாகாது. ஓரினத்தில் ஆறு மீன் முதலில் விட்டு, இரண்டு வாரம் நோட்டமிட்டு, பின்னர் அவ்வினத்திலேயே இன்னும் நான்கு சேர்க்கலாம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 55 லிட்டர் நீர் கொள்ளும். அதில் பத்து நியானோ, பத்து கார்டினலோ, அடித்தளத்தில் மேயும் சிறு கோரிடோரஸ் மீன் ஐந்தாறோ இருந்தால் போதுமானது. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுதலும், இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி இடுதலும் மீதி வேலைகள்.

இனத்தைத் தெரிந்தெடுப்பதில் ஒரு விதியைக் கைக்கொள்ள வேண்டும். மண்ணுக்கேற்ற விதை என்பதுபோல, நீருக்கேற்ற மீன் என்பதே அவ்விதி. நியான் 21 முதல் 26 டிகிரி செண்டிகிரேடு வரையுள்ள நீரை விரும்பும். கார்டினல் அதனினும் வெப்பத்தைத் தாங்கும். ஆகையால் வெப்ப மிகுந்த ஊர்களில் மென்னீர் கிடைக்குமாயின் கார்டினலே தகுதி. கடினநீரே கிடைக்குமாயின், உள்ளூர்ச் சிமெண்டுத் தொட்டிகளில் அந்நீரிலேயே பிறந்து வளர்ந்த விடோ டெட்ரா தகுதி. மருந்து ஊற்றி நீரை நாளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டிருப்பது மீனுக்குக் கடினநீரைவிடக் கேடு.

ஒன்றிரண்டாக விற்பதன் தீமை

டெட்ரா சாந்தமான மீன் என்று சொல்லப்படுகிறது. அச்சொல் பாதி உண்மை. கூட்டமாக இருக்கும்போதுதான் அது சாந்தமானது. தனித்துவிடப்பட்ட நியான் செடியின் பின்னே ஒளிந்து, நிறம் மங்கி, தீனிக்கு வெளிவர அஞ்சி மெலியும். தனித்துவிடப்பட்ட விடோ டெட்ராவோ வேறு வழியில் செல்லும். எட்டுப் பத்தாக இருந்தால் அவை தம்முள்ளே துரத்தி விளையாடிப் பொழுதுபோக்கும். ஒன்றிரண்டாக இருந்தால் ஏஞ்சல் மீனின் நீண்ட துடுப்புகளையும் கப்பியின் வாலையும் கடித்துக் கிழிக்கும். செர்பே டெட்ராவும் அத்தகையதே.

ஏஞ்சல் மீனையும் சாது என்று எண்ணலாகாது. அது அமேசான் நதியிலேயே சிறு மீன்களை உண்டு வாழ்வது. சிறிதாய் இருக்கும் ஏஞ்சலுடன் நியானைச் சேர்த்து விற்பவர், சில மாதத்தில் ஒன்று மற்றொன்றுக்கு இரையாகும் என்று அறிந்தே விற்கின்றார். தங்க மீன் குளிர்ந்த நீரை விரும்புவது. நன்கு வளர்த்தால் ஒரு சாணுக்கு மேல் வளரக்கூடியது. அதன் வாய்க்குள் நியான் எளிதில் அடங்கும். உறிஞ்சு மீனோ ஓரடிக்கு மேல் வளர்வது. வளர்ந்தபின் வைத்திருக்க இடமின்றிப் பலர் அதனைக் கொண்டுபோய் ஏரியிலும் குளத்திலும் விட்டமையால், இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் அது பெருகி, வலையைக் கிழித்து, உள்நாட்டு மீன் பிடிப்போர்க்குத் தொல்லையாகியுள்ளது. வேண்டாத மீனை நீர்நிலையில் விடுவது தருமம் என்று எவரும் கருதலாகாது. கடைக்கே திருப்பித் தருவது நன்று. இவையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கடைப் பையிலிருந்தே தொடங்குகின்றன.

ஆறு இனத்தில் ஒவ்வொன்று வாங்கினும் ஆறு மீன்தான். ஓரினத்தில் ஆறு வாங்கினும் ஆறு மீன்தான். முன்னையது சந்தைக் கூட்டம். பின்னையது ஒரு குடும்பம். அழகிலும் பின்னையதே மிக்கது. பத்துக் கார்டினல்கள் இருண்ட செடிகளின் இடையே ஒருங்கே திரும்பும்போது நீலமும் சிவப்புமாக எழும் ஒளியை, பத்து நிற மீன்கள் பத்துத் திசையில் ஓடுவதால் பெறவியலாது.

மறுப்புகளும் விடைகளும்

வியாபாரிகள் கூறும் மறுப்பு முதலில் கேட்கத்தக்கது. கடைக்கு வாடகை உண்டு, மின்சாரச் செலவு உண்டு. வந்தவரை மீனின்றி அனுப்பினால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்கின்றனர். இது உண்மையான சங்கடமே. எனினும், முதல் நாளில் விற்பதற்குச் செடியும், சோதனைத் துளியும், கடைத் தொட்டியில் ஊறிய பஞ்சும் உண்டு. ஊறிய பஞ்சுக்குத் தனி விலை கேட்டாலும் விஷயமறிந்தவர் மகிழ்ந்து கொடுப்பர். மூன்று வாரமோ ஐந்து வாரமோ கழித்து அவர் மீண்டும் வருவார், ஆறு மீன் வாங்குவார், பின்னரும் வருவார். மீன் செத்துத் தொட்டியை மாடியில் ஏற்றியவர் ஒருபோதும் வாரார். ஒரே தெருவில் பத்துக் கடைகள் இருக்குமிடத்தில் ஒரு கடை மட்டும் இவ்விதியைக் கைக்கொள்வது கடினமாதலால், வியாபாரிகள் தம்முள் கூடிப் பேசி ஒருமித்து ஏற்பதே முறை.

பிள்ளைகள் வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் பொறுப்பார்களா என்பது இரண்டாவது மறுப்பு. விதைத்த பாத்தியில் முளை காணக் காத்திருக்கும் பிள்ளை இதற்கும் காத்திருக்கும். செடி புதுக்குருத்து விடுவதைக் காணவும், சோதனைத் துளியின் நிறம் நாளுக்குநாள் மாறுவதைக் குறித்து வைக்கவும் சிறுவர்க்கு மிகுந்த ஆவல் உண்டு. ஐந்தாம் நாள் செத்த மீனைக் கையிலெடுத்து அழுவதைக் காட்டிலும் அது நல்ல கல்வி.

முதல் நாளே மீன் விட்டும் சாகவில்லையே என்று சிலர் கூறுவர். கப்பியும் விடோவும் போன்ற உறுதியான மீன்கள் சில சமயம் தப்புவதுண்டு. பட்டத்தில் விதைக்காமலும் ஓராண்டு விளைந்துவிடலாம். அதைக்கொண்டு பட்டமே வேண்டாம் என்று உழவர் எவரும் சொல்வதில்லை.

மீன் பெருக்குவோர் நலம்

இக்காரியத்தில் மிகுதியும் நஷ்டமடைவோர் எவர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையில் கொளத்தூரைச் சுற்றியும், திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்களிலும் குடும்பம் குடும்பமாகச் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் பெருக்குகின்றனர். பெண்கள் பலர் வீட்டுக் கொல்லையிலேயே இத்தொழிலை நடத்துகின்றனர். விடோ டெட்ராவின் முட்டைகளைத் தாய் மீன் தின்றுவிடாதபடி பிரித்து, பொரித்த குஞ்சுகளுக்கு நுண்ணிய உயிர்த்தீனி தந்து, பல வாரம் காத்து வளர்த்து அனுப்புகின்றனர். அவ்வளவு பாடுபட்டு வளர்த்த மீன் வாங்கியவர் வீட்டில் ஐந்து நாளில் மடிந்தால், மடிவது அம்மீன் மட்டுமன்று; அதை வாங்கியவரின் விருப்பமும் மடிகிறது. அடுத்த ஆண்டில் அக்குடும்பத்தின் மீனை வாங்க ஓராள் குறைகிறார். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இத்தொழிலுக்கு மிகவும் பொருந்தும்.

மீன் பெருக்குவோரும் ஒன்று செய்யலாம். தங்கள் மீன் பிறந்த நீர் கடினமானதா, மென்மையானதா என்பதையும், ஆறுக்குக் குறைவாக வளர்க்கலாகாது என்பதையும் சிறு சீட்டில் அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பலாம். விதைப் பைக்குச் சீட்டு இருப்பது போல மீனுக்கும் ஒரு சீட்டு இருத்தல் நியாயமே. மீன்வள இலாகாவின் பயிற்சி வகுப்புகளில் மீன் பெருக்கும் முறையோடு மீன் விற்கும் முறையும் ஒரு பாடமாக இடம்பெறுமாயின் பெரும்பயன் விளையும்.

சட்டம் போட்டுச் செய்யத்தக்க காரியம் அன்று இது. கடைவாசலில் இரண்டு வரி எழுதித் தொங்கவிட்டால் போதும். ‘தொட்டி இன்று, மீன் ஒரு மாதம் கழித்து. டெட்ரா ஆறுக்குக் குறைவாக விற்பதில்லை’ என்பதே அது. அவ்வாறு எழுதும் கடையை மக்கள் தேடிச்சென்று ஆதரிப்பார்களாக. அதை எழுத முதலில் துணியும் வியாபாரிக்குச் சிலகாலம் நஷ்டம் நேரலாம். பின்னர் அவர் கடைக்கே மீன் வளர்க்கத் தெரிந்தவர்கள் வருவர்.